வேங்கையின் தங்கையும் ஒரு கூன்வண்டும்



நம் தீவின் சாலையோரங்களில் அங்சானா என்றொரு மரம் நிற்கிறது. பலரும் பெயர் அறியாமலேயே அதன் நிழலில் பேருந்துக்குக் காத்திருந்திருப்போம். கிளைகள் வில்லாக வளைந்து தொங்கும், இலைகள் பளபளக்கும். சில நாள் வெயிலுக்குப் பின் மழை பெய்தால், திடீரென்று ஒரு காலையில் மரம் முழுவதும் மஞ்சள் பூத்து நிற்கும். மறுநாள் அந்தப் பூவெல்லாம் நடைபாதையில் கிடக்கும். துப்புரவுப் பணியாளர்கள் பெருக்கி முடிப்பதற்குள் பள்ளிப் பிள்ளைகள் அதை மிதித்துக் கடந்துவிடுவார்கள்.

தமிழாசிரியர்களுக்கு இந்த மரம் அந்நியமானதன்று. குறிஞ்சித் திணையைக் கற்பிக்கும்போதெல்லாம் நாம் சொல்லும் வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு இது. பாறைமேல் உதிர்ந்த பொன்னிறப் பூக்கள் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் புலிபோல் தோன்றும் என்பதும், பூப்பறிக்கும் பெண்கள் புலி புலி என்று கூவுவார்கள் என்பதும், வள்ளியின் உறவினர் வந்தபோது முருகன் வேங்கை மரமாகி நின்றான் என்பதும் நாம் வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய செய்திகள். தாவரவியலார் இரண்டையும் டெரோகார்பஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைக்கிறார்கள். 'சிறகுக் கனி' என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். தமிழகத்து மலைகளில் வளர்வது டெரோகார்பஸ் மார்சுபியம். இங்கே நிற்பது டெரோகார்பஸ் இண்டிகஸ். செம்மரமும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். பட்டையைக் கீறினால் அக்காளும் தங்கையும் இரத்தம் போன்ற சிவந்த பாலை வடிக்கிறார்கள். ஊரில் குழந்தைகளின் நெற்றியில் இடும் கரும்பொட்டு வேங்கைப் பாலிலிருந்து எடுப்பதுண்டு. பிலிப்பீன்ஸில் அங்சானாவுக்கு நாரா என்று பெயர். 1934இல் அதை அந்நாட்டின் தேசிய மரமாக அறிவித்தார்கள்.

இந்த மரம் சிங்கப்பூரில் இருமுறை கூட்டங்கூட்டமாகச் செத்திருக்கிறது. இரண்டாம் முறை செத்தபோது, கொன்றது யார் என்று ஆராயப் புகுந்தவர்களின் கண்ணில் முதலில் பட்டது அரிசிமணியினும் சிறிய ஒரு வண்டு. அந்த வண்டு கொலையாளியா, பிணந்தூக்கியா என்பதே நான் இங்கு எழுத எடுத்துக்கொண்ட கேள்வி.

கூன்வண்டு என்றதும் தாய்மார்களுக்கு அரிசிப் பானையில் ஊரும், நீண்ட மூக்குடைய கறுத்த வண்டு நினைவுக்கு வரும். தென்னை வைத்திருப்போருக்குச் சிவப்புக் கூன்வண்டு நினைவுக்கு வரும். இந்தக் கூன்வண்டுக் குலம் மிகப் பெரியது. மரத்தைத் துளைத்து உள்ளே வாழும் பட்டை வண்டுகளையும் துளை வண்டுகளையும் முன்பு தனிக் குடும்பங்களாகக் கருதினார்கள். இன்று பூச்சியியலார் பெரும்பாலும் அவற்றைக் கூன்வண்டுக் குடும்பத்தின் உட்பிரிவுகளாகவே வைக்கிறார்கள். அவற்றுக்கு மூக்கு நீண்டிராது. மரத்துக்குள் சுரங்கம் தோண்டும் தொழிலுக்கு மூக்கு இடைஞ்சல் போலும்!

இவ்வகை வண்டுகள் உலகப் புகழ் பெற்றது குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளில். கொடைக்கானலின் பைன் தோப்பைப் பார்த்தவர்கள் அந்த மரங்களின் தோற்றத்தை எளிதில் நினைத்துக்கொள்ளலாம். (நம் கடற்கரையில் நிற்கும் சவுக்கு, பைன் போலத் தோன்றினாலும் ஊசியிலை மரமன்று, அது பூக்கும் தாவரம். பிள்ளைகள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.) ஐரோப்பாவில் ஸ்புரூஸ் மரத்தைத் தாக்கும் பட்டை வண்டுக்கு, 1758இல் லின்னேயஸ் 'அச்சுக்கோப்பவன்' என்று பொருள்படும் பெயரை இட்டார். பட்டையை உரித்துப் பார்த்தால் அதன் சுரங்கங்கள் அச்சிட்ட வரிகள்போல் தெரியும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் தொடங்கிய மலைப்பைன் வண்டின் பெருக்கம் ஒரு கோடியே 80 இலட்சம் எக்டர் காட்டைத் தொட்டது. நலமான பைன் மரம் பிசினைப் பெருக்கி வண்டை மூழ்கடிக்கும். வறட்சியோ புயலோ மரத்தைத் தளர்த்தினால் பிசின் குறையும், வண்டு வெல்லும். அங்கும் வண்டு தனியே வருவதில்லை. மரத்தை நீலநிறமாக்கும் ஒரு பூஞ்சையையும் உடன் கொண்டுவருகிறது. தளர்ந்த மரம், துளைக்கும் வண்டு, வண்டோடு வரும் பூஞ்சை ஆகிய இம்மூவர் கூட்டணியை நினைவில் வைத்துக்கொண்டால் நம் ஊர்க் கதை விளங்கும்.

சாகும் மரத்துக்கும் வண்டுக்கும் உள்ள உறவு சிங்கப்பூரில் முதன்முதலாகப் புலப்பட்டது ஓர் இயற்கையாளரின் பூச்சி வலையில். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854 ஏப்ரலில் இங்கு வந்திறங்கினார். புக்கித் தீமாவில் பிரெஞ்சு மதகுரு ஒருவரின் இல்லத்தில் தங்கி, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். அவற்றுள் 130 வகை நீள்கொம்பு வண்டுகள். ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டில் இத்தனையா என்று வியக்கிறோம். காரணத்தை அவரே கண்டு எழுதினார். அப்போது அங்கே சீன மரவெட்டிகள் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வீழ்ந்த மரம், உதிர்ந்த இலை, அழுகும் பட்டை, அறுத்த தூள் எல்லாம் வண்டுகளுக்கு விருந்து. மரம் வீழ்ந்த இடத்திற்கு வண்டு வந்தது. வண்டு வந்ததால் மரம் வீழவில்லை. வாலஸின் மகிழ்ச்சிக்குக் காரணம் ஒரு காட்டின் சாவு என்பதை நான் எப்போதும் சற்றுச் சங்கடத்துடன்தான் எண்ணிப்பார்க்கிறேன்.

முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே அறிவு சட்டமாயிற்று. 1888இல் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, ரப்பரால் பெயர்பெற்றவர். ஆனால் அவர் வந்தவுடன் எழுதியவற்றுள் ஒன்று தென்னையைப் பற்றியது. தென்னந்தோப்புகள் வண்டுகளால் அழிவதைப் பற்றிய அவரது அறிக்கை 1889இல் வெளிவந்தது. குற்றவாளிகள் இருவர்: காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து புண்ணாக்கும். அந்தப் புண்ணின் வாடையைப் பிடித்துக்கொண்டு கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு உள்ளிருந்து குடைந்து மரத்தையே சாய்க்கும். மட்கும் குப்பையும் செத்த மரமும் அடுத்த தலைமுறை வண்டுகளுக்குத் தொட்டில். 1890இல் தென்னை மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செத்த மரத்தைத் தோப்பில் கிடக்கவிடாமல் அழிக்க வேண்டும் என்பது உரிமையாளரின் கடமையாயிற்று.

தென்னையை மரம் என்றேன். தொல்காப்பியரிடம் கேட்டால் மறுப்பார். வெளிப்புறம் வன்மையுள்ள புறக்காழ் உடையது புல். உள்ளே வன்மையுள்ள அகக்காழ் உடையதே மரம் என்பது மரபியலின் பாகுபாடு. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல், வேங்கையே மரம். இதை வெறும் இலக்கணச் செய்தி என்று நான் முன்பெல்லாம் நடத்திவிட்டுப் போவேன். வண்டுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபின் அதன் பயன் தெரிந்தது. தென்னையில் கூன்வண்டின் புழுவுக்கு வேண்டியது மென்மையான உள்பகுதி. வேங்கையிலும் அங்சானாவிலும் உள்ளே வைரம் பாய்ந்திருக்கும்; துளை வண்டு வாழ்வது அதைச் சூழ்ந்த வெளிர்நிறப் பகுதியில். வேரிலிருந்து உச்சிக்கு நீர் ஏறும் வழியும் அந்த வெளிப்பகுதிதான். எதிரி நுழைவதற்கு அதைவிட ஆபத்தான இடம் மரத்தில் வேறில்லை.

இனி அங்சானாவின் முதற்சாவு. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்று நீரிணைக் குடியேற்றங்களிலும் நிழலுக்காக நட்ட அங்சானாக்கள் புகழ் பெற்றிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவின் மரங்கள் வாடத் தொடங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கிலும் பின்னர் இங்கும் அதே வாடல். இலை மஞ்சளாகும், உதிரும், கிளை காயும், மரம் நின்றபடியே செத்துப்போகும். இந்தச் செய்திகளையெல்லாம் திரட்டி 1935இல் அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் நெடிய கட்டுரையொன்றை எழுதியவர் காயெத்தானோ சேவியர் ஃபுர்த்தாடோ. கோவாவில் பிறந்து சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் பணியாற்றிய இந்தியர். பனைக் குடும்ப ஆய்வில் பெயர் பெற்ற அவர், ஒரு நிழல்மரத்தின் நோய்க்காக இதழின் முப்பது பக்கங்களைச் செலவிட்டிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு ரிட்லியைத் தெரிகிறது, ஃபுர்த்தாடோவைத் தெரிவதில்லை. பாடநூலில் ஒரு வரி அவருக்கும் இடம் தரலாம் என்பது என் விருப்பம்.

ஃபுர்த்தாடோவின் கட்டுரை வந்து 32 ஆண்டுகள் கழித்து, 1967இல், சிங்கப்பூரைப் பூந்தோட்ட நகராக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1970 இறுதிக்குள் 55,000க்கு மேற்பட்ட புதிய மரங்கள் நட்டாயிற்று. 1971 நவம்பரில் முதல் மரம் நடும் நாளன்று டாக்டர் கோ கெங் சுவீ ஃபேபர் மலையில் தூங்குமூஞ்சி மரமொன்றை நட்டார். தார்ச்சாலைகளும் அடுக்குமாடிகளும் ஆண்டுக்காண்டு பெருகின. நிழல் உடனே வேண்டும். விதை முளைத்து மரமாகும்வரை யார் காத்திருப்பது? அப்போது கைகொடுத்தது அங்சானா. கை பருமனுள்ள கிளையை ஆளுயரத்துக்கு மேல் வெட்டி மண்ணில் ஊன்றினால் வேர்விடும். சில ஆண்டுகளில் குடைவிரித்த மரமாகும். முருங்கைப் போத்தை நடுவதுபோல் என்றால் நம்மவர்க்கு விளங்கும். 'உடனடி மரம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. விரைவுச் சாலைகளிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் புதிய நகரங்களிலும் அங்சானா வரிசைகள் எழுந்தன. அதிகாரிகள் பழைய நோயைப் பற்றிப் படித்திருந்தாலும் அங்சானாவையே நட்டிருப்பார்கள் என்றே நான் எண்ணுகிறேன். அன்றைய அவசரம் அத்தகையது. அந்த நிழலில் வளர்ந்த தலைமுறை நான் என்பதால் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் கிளையை வெட்டி நடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விதையிலிருந்து வரும் மரம் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த பிள்ளை. உடன்பிறந்தோர் ஒருவரைப்போல் ஒருவர் இரார். கிளையிலிருந்து வரும் மரமோ அதே மரத்தின் நகல். சாலை நெடுகிலும் நூறு மரம் நிற்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் ஒரே மரம் நூறு இடத்தில் நிற்கக்கூடும். அந்த ஒரு மரத்துக்கு ஒரு நோயை எதிர்க்கும் வலிமை இல்லையென்றால், நூற்றுக்கும் இல்லை.

1980களில் அங்சானாக்கள் மீண்டும் வாடிச் செத்தன. ஒரு மரம் சாகும், சில வாரங்களில் அதன் பக்கத்து மரம், பிறகு அதற்கடுத்தது. செத்த மரங்களின் அடிமரத்தில் பென்சில் கூர்முனை நுழையும் அளவு துளைகள். அடியில் வெண்மையான நார்த்தூள். துளைக்குள் நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள, உருளையான, பழுப்பு வண்டு. அதன் பெயர் யூப்ளாட்டிபஸ் பாரலெலஸ். நம் நாட்டு வண்டு அன்று. அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்டு, ஆப்பிரிக்காவிலும் பின் ஆசியாவிலும் பரவிய வந்தேறி. ரப்பரும் தூங்குமூஞ்சியும் வந்த அதே கண்டத்திலிருந்து இதுவும் வந்திருக்கிறது; அவற்றை நாம் அழைத்து வந்தோம், இது அழையாமல் வந்தது.

இந்த வண்டின் வாழ்க்கையைப் பிள்ளைகளிடம் சொன்னால் கண் விரியும். முதலில் துளையிடுவது ஆண். அதன் அழைப்பு மணத்துக்குப் பெண் வந்து சேரும். பெண் சுரங்கத்தை நீட்டிக்கொண்டே போக, ஆண் வாசலில் நின்று தூளை வெளியே தள்ளும், காவலும் காக்கும். இருவரும் மரத்தை உண்பதில்லை! சுரங்கச் சுவரில் ஒருவகைப் பூஞ்சையைப் பயிரிடுகிறார்கள். தாமும் பிள்ளைகளும் அதையே உண்கிறார்கள். மனிதன் ஏர் பிடிப்பதற்கு வெகு காலம் முன்பே இவை வேளாண்மை செய்யத் தொடங்கிவிட்டன. சுரங்கச் சுவரில் படிந்திருந்த வெண்பொருளைக் கண்ட ஷ்மிட்பெர்கர் என்பவர் 1836இல் அதற்கு அம்ப்ரோசியா என்று பெயரிட்டார். கிரேக்கத் தேவர்களின் உணவு அது; நம் வழக்கில் அமுதம். அது பூஞ்சை என்பதைச் சில ஆண்டுகளில் ஜெர்மானியரான ஹார்ட்டிக் கண்டறிந்தார். ஆகவே இவற்றை அமுத வண்டுகள் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. ஒரு மாணவன் உடனே கேட்டான்: "டீச்சர், அமுதத்தத் திருட வந்த ராகு மாதிரி வேற யாராச்சும் உள்ள வருவாங்களா?" விளையாட்டாகக் கேட்டதுதான். அறிவியலில் சரியான கேள்வி அதுதான்.

உள்ளே வந்தது. அமுதப் பூஞ்சையன்று, வேறொரு பூஞ்சை. சாண்டர்சன் என்பவரும் சிங்கப்பூர் ஆய்வாளர் சிலரும் செய்த ஆய்வு 1997இல் மரவியல் இதழொன்றில் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. அங்சானாவைக் கொன்றது ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் வாடல் பூஞ்சை. பெயர் கடினமாயினும் அதன் வேலையை நம்மவர் அறிவர். வாழையில் பனாமா வாடல் நோயை உண்டாக்குவது இதே இனத்தின் வேறொரு வகை. தமிழகத்தில் ரஸ்தாளி பயிரிடுவோரைக் கேட்டால் இதன் கொடுமையைச் சொல்வார்கள். ஒருகாலத்தில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷல் வாழையை வீழ்த்தி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேவண்டிஷ் வாழைக்கு இடம்விட வைத்ததும் இதுவே. நீரேற்றும் குழாய்களுக்குள் வளர்ந்து அடைத்துக்கொள்ளும். வேரில் ஈரமிருந்தும் உச்சி தாகத்தால் சாகும். வாழையும் விதையால் அன்று, கன்றால் பெருகுவது. ஒரு தோட்டத்து வாழையெல்லாம் ஒரே வாழை. அங்சானா வரிசைக்கும் வாழைத் தோட்டத்துக்கும் உள்ள ஒற்றுமை இப்போது தெரிகிறதல்லவா?

எனினும் பூஞ்சையும் வண்டும் தாமாகத் தொடங்கவில்லை. தொடக்கம் வானத்திலிருந்து வந்தது. அவ்வாய்வு கண்ட முக்கியமான செய்தி இதுவே: நோய்க்கூட்டம் ஒவ்வொன்றின் நடுவிலும் முதலில் செத்தது மின்னல் தாக்கிய மரம். உலகில் மிக அதிகமாக மின்னல் விழும் இடங்களுள் சிங்கப்பூர் ஒன்று. ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள்களில் இங்கே இடிமுழக்கம் கேட்கிறது. மின்னலால் அடிபட்ட மரத்தின் திசுக்கள் புளிக்கத் தொடங்கிச் சாராய வாடையை வெளியிடும். அமுத வண்டுகளுக்கு அது விருந்தழைப்பு. நலமான மரத்தைத் துளைக்கப் போனால் சிவந்த பால் பெருகி வண்டை விரட்டும். அடிபட்ட மரத்தில் அந்தத் தடுப்பு இல்லை. நூற்றுக்கணக்கில் வந்து துளைக்கின்றன. அவற்றுடன் வாடல் பூஞ்சையும் நுழைகிறது. பின்னர் அந்த மரத்தில் பெருகிய நோய் பக்கத்து மரங்களுக்குப் பரவுகிறது. அவை மின்னல் படாதவை, நலமானவை.

ஆக, வண்டு கொலையாளி அன்று. முற்றிலும் குற்றமற்றதும் அன்று. சாகும் மரத்தைத் தேடி வந்தது, ஆனால் சாவைச் சுமந்து சென்றது. தாய்லாந்தின் தென்பகுதியில், ஹாட் யாயில், இதே அங்சானாக்கள் இதே வண்டுடன் செத்ததை அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் எழுதியிருக்கிறார்கள். அங்கும் வண்டையும் ஃபியூசேரியத்தையும் ஒன்றாகவே கண்டார்கள். பழைய மலாக்கா மரங்களை எந்த வண்டு துளைத்ததோ, அதை இன்று கேட்டறிய அந்த மரங்கள் இல்லை.

இதில் நம் அன்றாட வாழ்வைத் தொடும் ஒரு செய்தி உண்டு. எங்கள் தெம்பனிஸ் வட்டாரத்தில் மின்னல் தாக்கிய மரமொன்றை இரண்டு வாரங்களில் வெட்டினார்கள். பாதி இலை இன்னும் பச்சை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வழக்கமாக அமர்ந்திருக்கும் மூதாட்டி ஒருவர் என்னைக் கண்டதும் பொருமித் தீர்த்தார்: "பாரு டீச்சர், பச்ச மரத்த வெட்டுறானுங்க. உசிரு இருக்குல்ல அதுக்கு? நாலு நா பொறுத்திருந்தா தழைச்சிருக்குமே." அவர் கண் கலங்கியிருந்தது. நான் மின்னலையும் வண்டையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பக்கத்து மரத்துக்காக இத வெட்டுறாங்கன்னு சொல்லு," என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்த ஆய்வாளரும் எழுதியதாக நான் படிக்கவில்லை. அந்த மரத்துக்கு அந்த நோய்தான் வந்ததா என்பது வேறு செய்தி. அடிபட்ட மரத்தை வண்டு பெருகும்வரை நிற்கவிடலாகாது என்பதே ரிட்லி காலத்துத் தென்னைச் சட்டத்திலிருந்து இன்றுவரை வரும் நியாயம்.

இரண்டாம் சாவுக்குப் பின் அங்சானா இத்தீவிலிருந்து மறைந்துவிடவில்லை. ஏனெனில் எல்லா மரமும் சாகவில்லை. நோய் சூழ்ந்த இடத்தில் சில மரங்கள் மட்டும் இலையுதிராமல் நின்றன. சாண்டர்சன் குழுவின் ஆய்வில் இரண்டாம் பகுதி முழுவதும் இந்த இயற்கையான எதிர்ப்பாற்றலைப் பற்றியது. தப்பிய மரத்தின் கிளையை வெட்டி ஊன்றினால், வருவது அதே வலிமையுடைய மரம். நோய்க்கு வழிவிட்ட அதே நகலெடுக்கும் பண்பு மருந்தாகவும் ஆயிற்று! அதனுடன் சாலைக்குச் சாலை வெவ்வேறு மரங்களைக் கலந்து நடும் வழக்கமும் வலுத்தது. இன்று நம் வட்டாரத்துச் சாலைகளில் நடந்தால் ஒரே வரிசையில் பல இனங்களைக் காணலாம். தெம்பனிஸ் என்னும் ஊர்ப்பெயரே ஒரு மரத்தின் பெயர்தான் என்பதை அறிவீர்கள். தெம்பினிஸ் என்னும் அம்மரம் கட்டை உறுதிக்குப் பேர்போனது. ஊருக்குப் பெயர் தந்த மரத்தை ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அது தனியே எழுத வேண்டிய கதை.

மரத்தின் வழியாக வரும் வந்தேறிகளைத் தடுக்க உலக நாடுகள் 2002இல் ஒரு விதி செய்தன. பெட்டிகளுக்கும் சரக்கு அடுக்கும் பேலட்டுகளுக்கும் பயன்படும் பலகையின் நடுப்பகுதிவரை 56 பாகை வெப்பம் 30 நிமிடம் ஏற வேண்டும். அல்லது விதி ஏற்கும் வேறு முறையில் பூச்சி நீக்க வேண்டும். அவ்வாறு செய்த பலகையில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை இருக்கும். தேக்காவில் காய்கறியும் மளிகையும் வந்திறங்கும் இடங்களில் பேலட்டுகள் அடுக்கிக் கிடக்கும். அடுத்தமுறை பிள்ளைகளுடன் லிட்டில் இந்தியா சென்றால், மாலைக்கடைக்குப் போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று அந்த முத்திரையைத் தேடச் சொல்லுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். முதலில் காண்பவருக்கு ஒரு வடை.

வேங்கையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு யோசனை. படத்தைக் காட்டுவதைவிட, பள்ளிக்கு அருகில் அங்சானா இருந்தால் பிள்ளைகளை அதனடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அடிமரத்தில் துளையும் வெண்தூளும் உண்டா என்று பார்க்கட்டும். பட்டையைக் கீற விடாதீர்கள். கீழே கிடக்கும் காயைப் பொறுக்கச் சொல்லுங்கள். சிறிய அப்பளம்போல் வட்டமாக, நடுவில் தடித்து, ஓரமெல்லாம் மெல்லிய சிறகாக இருக்கும். காற்றில் வீசினால் சுழன்று விழும். நடுவில் உள்ள தடிப்புக்குள் ஒன்றிரண்டு விதைகள் இருக்கும். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, ஈரமண்ணில் இட்டு, வகுப்பறைச் சன்னலோரம் வைத்தால் முளைக்கக்கூடும். எங்கள் வகுப்பில் ஏழு காய் இட்டோம்; மூன்று முளைத்தன. மூன்றும் ஒரே மரத்தடியில் பொறுக்கியவை. ஒன்று நெடுநெடுவென்று வளர்கிறது; ஒன்று குட்டையாக இருந்தாலும் இலை அகலம்; மூன்றாவது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.